பேச்சும் அனுமதியும்

(கே.கே. நகரில் வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாக்குச் சுதந்திரத்தின் எல்லைகளைப் பற்றியும், அந்த எல்லைகளை வகுத்துக் காப்பதில் அரசாங்கத்துக்கு உரிய இடம் யாது என்பதைப் பற்றியும் பேச வேண்டுமென்று இக்கூட்டத்தை நடத்துவோர் என்னைக் கேட்டுக்கொண்டபோது, இதற்கு உதாரணம் தேடி லண்டன் மாநகரத்துப் பூங்காக்களுக்கோ அமெரிக்க நீதிமன்றங்களுக்கோ போக வேண்டியதில்லை, உங்கள் நகரின் பெயர்ப் பலகைகளைப் படித்தாலே போதும் என்று எனக்குத் தோன்றியது. இந்நகர் ஒரு நாடகாசிரியரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கலைஞர் கருணாநிதி முதலமைச்சர் ஆவதற்கு நெடுங்காலம் முன்பே நாடகம் எழுதினார், திரைப்படங்களுக்கு வசனம் எழுதினார். அவர் வசனத்தோடு 1952ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வெளிவந்த 'பராசக்தி' படத்தைத் தடை செய்தே தீர வேண்டுமென்று கூக்குரல் எழுந்ததும், தணிக்கை முடிந்து கொட்டகைகளில் ஓடிக்கொண்டிருந்த படத்தை மறுபடியும் பரிசீலிக்க வேண்டுமென்று அன்றைய சென்னை ராஜ்ய சர்க்கார் முனைந்ததும் சரித்திரம். இங்கே ராஜமன்னார் சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக 1948 முதல் 1961 வரை வீற்றிருந்த பி.வி. ராஜமன்னாரை, மத்திய மாநில உறவுகளை ஆராய்ந்த குழுவின் தலைவர் என்றே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் தெலுங்கில் நாடகங்கள் எழுதியவர் என்பதும், சங்கீத நாடக அகாதமியின் முதல் தலைவராக இருந்தவர் என்பதும், பேச்சுரிமை சம்பந்தமாக நம் தேசத்தின் முக்கியமான தீர்ப்பொன்றுக்கு அடிக்கல் நாட்டியவர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மூன்றாமவர் உங்களில் பலருக்கு நேரில் பழக்கமானவர். 'பரீக்ஷா' நாடகக் குழுவை நடத்தியவரும், இந்நகரில் தம் வீட்டுக் கிணற்றடியிலேயே 'கேணி' என்ற பெயரில் கூட்டம் கூட்டி எழுத்தாளர்களையும் வாசகர்களையும் எதிரெதிரே உட்கார வைத்தவருமான பத்திரிகையாளர் ஞாநி, 2018ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டி நம்மை விட்டுப் பிரிந்தார். அவர் தொடுத்த வழக்கில்தான், தமிழ்நாட்டின் 1954ஆம் வருடத்து நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு விரோதமானவை என்று 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அந்தச் சட்டம் நம் தலைமீது இருந்தது என்பதையே நம்மில் பலர், அது போன பிறகு செய்தித்தாளைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டோம்.

அந்தச் சட்டத்தின் வம்சாவளியைச் சற்றே விவரிக்க அனுமதிக்க வேண்டுகிறேன். வங்காளத்து மேடைகளில் வெள்ளைக்கார அதிகாரிகளைப் பரிகசிக்கத் தொடங்கியதைப் பொறுக்காமல் 1876இல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் நாடகச் சட்டம் பிறந்தது. நாடு விடுதலை அடைந்து, அரசியல் சாசனமும் அமுலுக்கு வந்த பின்னர், அந்தப் பழைய சட்டம் தானே உதிர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பதுதானே நியாயம்? அலகாபாத் உயர்நீதிமன்றம் 1956இல் அதைச் செல்லாதென்று தள்ளியும் விட்டது. நம் ராஜ்யத்திலோ அதற்கு இரண்டு வருஷம் முன்னதாகவே புதிதாக ஒரு சட்டம் இயற்றி வைத்துக்கொண்டார்கள். நடிகர் எம்.ஆர். ராதாவின் இராமாயண நாடகத்தை மனத்தில் கொண்டே அது இயற்றப்பட்டது என்று அக்காலத்தவர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் தம் நாடகத்துக்கு வரவேண்டாம் என்று விளம்பரம் செய்தவர் அவர். ஒரு பெயரில் தடை வந்தால் வேறொரு பெயரில் அதே நாடகத்தை மேடையேற்றியவர் என்றும் சொல்வார்கள். அவருடைய கருத்துகளில் எனக்கு உடன்பாடில்லாதவை பல உண்டு. ஆயினும், டிக்கெட் வாங்கி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு, புண்பட்டேன் என்று புகார் செய்பவரைக் காட்டிலும், வாசலிலேயே எச்சரிக்கை எழுதி வைத்தவர் நாகரிகம் தெரிந்தவர் என்றுதான் நான் சொல்வேன்.

நடைமுறையில் அந்தச் சட்டம் எப்படி வேலை செய்தது? மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஒரு சபாவில் நாடகம் போட விரும்பிய குழு, கதை வசனத்தின் பிரதியைக் காவல்துறை ஆணையர் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, அனுமதி வரும் வரையில் அரங்கத்துக்கு முன்பணம் கட்டுவதா வேண்டாமா என்று கையைப் பிசைந்துகொண்டிருக்கும். திருட்டையும் அடிதடியையும் துப்புத் துலக்கப் பயிற்சி பெற்ற உத்தியோகஸ்தர், மேஜைமீது கிடக்கும் முதல் தகவல் அறிக்கைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த இடத்தில் ஜனங்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் ரசிகராக மாறுவார். பெரும்பாலான நாடகங்களுக்கு அனுமதி கிடைத்துத்தான் வந்தது. நமது சபா நாடகங்களில் மாமியார் மருமகள் சண்டைக்கு எந்த சர்க்கார்தான் ஆட்சேபம் சொல்லும்? ஆனால் கிடைத்த அனுமதிகளை எண்ணிப் பார்த்து அந்தச் சட்டம் தீங்கற்றது என்று முடிவு கட்டுவது பேதைமை. எழுதும்போதே, இந்த வரி ஆணையர் அலுவலகத்தைத் தாண்டுமா என்று யோசித்து ஆசிரியரே அடித்துவிட்ட வசனங்களுக்குக் கணக்கு எந்த அலுவலகத்திலும் இல்லை.

நான் இன்று சொல்ல வந்த விஷயம் இதில்தான் அடங்கியிருக்கிறது. பேச்சுக்கு எல்லை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. எல்லையே இல்லை என்று வாதிப்பவர்கள், பெரும்பாலும், தங்களைப் பிறர் ஒரு நாளும் சாதி சொல்லித் தெருவில் வைது பார்த்திராதவர்கள். அந்த எல்லை மீறப்பட்டதா என்பதைப் பேச்சு நிகழ்ந்த பின்னர், எழுதப்பட்ட சட்டத்தைக் கொண்டு, காரணம் காட்டி, ஒரு நீதிபதியின் முன்னிலையில் அரசாங்கம் நிலைநாட்ட வேண்டுமா, அல்லது பேசப் போகிறவனே முன்கூட்டி வந்து, நான் மீற மாட்டேன் என்று மெய்ப்பித்து அனுமதி வாங்கிச் செல்ல வேண்டுமா என்பதுதான் கேள்வி. முன்னது நியாய பரிபாலனம். பின்னதில் பிரஜையின் நாவு அதிகாரியின் சட்டைப்பைக்குள் போய்விடுகிறது.

இந்த வழக்காடலின் ஆரம்பமும் சென்னையில்தான். அரசியல் சாசனம் அமுலுக்கு வந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. அன்றைய சென்னை ராஜ்யத்தில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டிருந்தது. 1950 பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் மாண்டிருந்தார்கள். பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வாரப் பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் நுழையவோ விநியோகிக்கப்படவோ கூடாதென்று மார்ச் மாதம் முதல் தேதி குமாரசாமி ராஜாவின் சர்க்கார் உத்தரவு போட்டது. பத்திரிகாசிரியர் நேரே உச்சநீதிமன்றம் போனார். பொது ஒழுங்கு என்ற பெயரைச் சொல்லிப் பத்திரிகையைத் தடுக்கும் அதிகாரத்தை அன்றிருந்த அரசியல் சாசனம் எந்த சர்க்காருக்கும் அளிக்கவில்லை என்று மே 26ஆம் தேதி பெரும்பான்மை நீதிபதிகளின் சார்பில் தீர்ப்பெழுதியவர், சென்னையிலேயே வக்கீலாக இருந்து உயர்ந்த பதஞ்சலி சாஸ்திரி. இடதுசாரிப் பத்திரிகையான 'கிராஸ் ரோட்ஸ்' ஜெயித்த அதே நாளில், டெல்லியில் முன்தணிக்கைக்கு ஆளாகியிருந்த 'ஆர்கனைஸர்' என்னும் வலதுசாரிப் பத்திரிகையும் அதே நீதிபதிகளிடம் ஜெயித்தது. எதிரெதிர்த் துருவங்களில் நின்ற இரண்டு பத்திரிகைகளுக்கும் ஒரே நியாயம் வழங்கப்பட்டது என்பதை, இன்று தன் கட்சிக்காரனுக்கு மட்டும் சுதந்திரம் கேட்கும் நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டே, 1951 ஜூன் மாதத்தில், அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் நிறைவேறியது. பொது ஒழுங்கு, அயல்நாடுகளுடன் சிநேகம், குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவை பத்தொன்பதாம் ஷரத்தில் தடைக்குரிய காரணங்களாக ஏறின. 1963இல், திராவிட முன்னேற்றக் கழகத்தின் பிரிவினைக் கோரிக்கையை மனத்தில் வைத்து, தேசத்தின் இறையாண்மையும் ஒருமைப்பாடும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஆக, பேச்சுரிமைக்கு நம் அரசியல் சாசனம் விதித்திருக்கும் நிபந்தனைகளில் கணிசமான பகுதி தமிழ்நாட்டைப் பார்த்துப் போடப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது. நாம் பேசுகிற ஜனங்கள் என்பதற்கு இதைவிட வேறு நற்சாட்சி வேண்டுமா?

முதல் திருத்தத்தின்போது, நாடாளுமன்றத்தில் நடந்த கடும் விவாதத்தின் பயனாக, நியாயமான தடை என்ற நிபந்தனை உள்ளே நுழைந்தது. அந்த நியாயத்துக்கு அளவுகோல் கொடுத்ததும் சென்னை வழக்குதான். வி.ஜி. ராவ் என்ற பாரிஸ்டர் செயலாளராக இருந்த மக்கள் கல்விச் சங்கத்தை 1950 மார்ச்சில் சட்ட விரோதமான சங்கமென்று சர்க்கார் அறிவித்தது. ராஜமன்னார் தலைமையில் கூடிய உயர்நீதிமன்றத்தின் முழு ஆயம் அந்த அதிகாரத்தைச் செல்லாதென்று தள்ளியது. சர்க்கார் மேல்முறையீடு செய்ய, 1952 மார்ச் 31ஆம் தேதி, அப்போது தேசத்தின் தலைமை நீதிபதியாகிவிட்ட பதஞ்சலி சாஸ்திரி அதை உறுதிப்படுத்தினார். பறிக்கப்பட்ட உரிமை எத்தகையது, தடையின் நோக்கம் என்ன, விலக்க வேண்டிய தீமை எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரமானது, தீமையின் அளவுக்குத் தடையின் அளவு பொருந்துகிறதா, அக்காலத்துச் சூழ்நிலை எப்படி என்றெல்லாம் பார்த்தே ஒரு தடையின் நியாயத்தை நிறுக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். எனக்கு அதில் மிகவும் பிடித்த அம்சம் வேறு. சர்க்காரின் மனத்துக்குத் திருப்தியானால் போதும் என்றிருந்த ஏற்பாட்டை, ஓர் ஆலோசனைக் குழுவை ஒட்டவைத்த பின்னரும், நீதிமன்றம் ஏற்கவில்லை. நல்லெண்ணம் உள்ள சர்க்காராகவே இருக்கட்டும், தன் வழக்கில் தானே நீதிபதியாக உட்காரக் கூடாது என்பதே அதன் தாத்பரியம்.

கலவரம் வந்துவிடுமே என்று அஞ்சும் அதிகாரிக்கு என்ன பதில் என்று கேட்பீர்கள். பதில் 1989இலேயே கிடைத்துவிட்டது. கவிஞர் வாலி கதை எழுதிய 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற படம் சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டை விமர்சித்தது. உயர்நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. தயாரிப்பாளர் ரங்கராஜன் உச்சநீதிமன்றம் போனார். இடஒதுக்கீட்டைப் பற்றி அந்தப் படம் சொன்ன கருத்து தவறானது என்பது என் திடமான அபிப்பிராயம். பல தலைமுறைகளாகப் பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடாமல் தடுக்கப்பட்டவர்களின் பேரர்களிடம் பொருளாதார அளவுகோலைப் பற்றி உபதேசம் செய்வது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அதற்குத் தக்க மறுமொழி இன்னொரு படம், இன்னொரு கட்டுரை, இன்னொரு மேடை. படம் திரையிடப்பட்டால் அமைதி குலையும், வன்முறை மூளும் என்று மாநில அரசின் தரப்பில் வாதிடப்பட்டபோது, வன்முறை மிரட்டலுக்குப் பயந்து பேச்சை நிறுத்துவது சட்டத்தின் ஆட்சியையே கைவிடுவதாகும் என்றும், பேச்சுக்கும் கலவரத்துக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துக் கிடங்கில் விழும் தீப்பொறியைப் போல் நெருக்கமானதாக இருக்க வேண்டும் என்றும் உச்சநீதிமன்றம் சொல்லிற்று. மிரட்டுகிறவனைத் தடுப்பதுதான் காவல்துறையின் கடமை. மிரட்டப்பட்டவனை வீட்டுக்கு அனுப்புவதன்று.

இதைவிடத் தெளிவாக ஒரு நீதிமன்றம் பேச முடியாது. அப்படியிருந்தும் 2013இல் நடந்ததைப் பாருங்கள். நாடகச் சட்டம் வீழ்ந்த அதே காலத்தில், மத்தியத் தணிக்கை வாரியம் பார்த்துச் சான்றளித்த 'விஸ்வரூபம்' படம் மாநிலம் முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியர்கள் ஒவ்வொருவரும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவில் தடை உத்தரவு போட்டார்கள். ஒரே படம், ஒரே காரணம், எல்லா மாவட்டங்களிலும் ஒரே சமயத்தில், தத்தம் சுயபுத்தியால் ஆட்சியர்கள் ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்று நம்புவதற்கு அசாத்தியமான பக்தி வேண்டும். தனி நீதிபதி தடையை நிறுத்தினார். மறுநாளே பெரிய ஆயம் அந்த உத்தரவை நீக்கியது. முடிவில் நீதிமன்றத்தால் அல்ல, அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையால், சில இடங்களில் ஒலியை நீக்க ஒப்புக்கொண்ட பிறகு, பிப்ரவரி 7ஆம் தேதி படம் வெளிவந்தது. முன்வாசலில் சட்டம் வெளியேறிக்கொண்டிருக்க, பின்வாசலால் பேச்சுவார்த்தை உள்ளே வந்துவிட்டது.

இந்தப் பேச்சுவார்த்தை என்பதைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்க வேண்டும். ஏனெனில், நம் மாநிலத்தில் இன்று பேச்சை அடக்கும் கருவிகளில் சட்டத்தைவிட வல்லமை உடையது இதுதான் என்று நான் கருதுகிறேன். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் 2010இல் வெளிவந்து நான்கு ஆண்டுகள் ஒரு சர்ச்சையுமின்றி விற்பனையாகிக்கொண்டிருந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் கிளர்ச்சி மூண்டது, புத்தகம் எரிக்கப்பட்டது, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12ஆம் தேதி நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், வருவாய் அதிகாரியின் முன்னிலையில், சமாதானக் கூட்டம் என்று ஒன்று கூட்டப்பட்டது. ஒரு பக்கம் பலத்த எண்ணிக்கையுடன் சாதி அமைப்புகளின் பிரதிநிதிகள்; மறு பக்கம் ஓர் எழுத்தாளர். அவர் மேல் வழக்கு எதுவும் தீர்ப்பாகவில்லை; எந்தப் பிரிவை அவர் மீறினார் என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை; புத்தகத்துக்கு அரசாங்கத் தடையும் இல்லை. இருந்தும், நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்பதாகவும், சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்குவதாகவும், விற்பனையாகாத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதப்பட்ட காகிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு அவர் வெளியே வந்தார். பின்னர், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அறிவித்துவிட்டுத் தம் நூல்கள் அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். அரசாங்கத்தைக் கேட்டால், நாங்கள் தடை செய்யவில்லையே, அவராக ஒப்புக்கொண்டாரே என்று சொல்லும். அதுதான் அந்த முறையின் சாமர்த்தியம்: உத்தரவு இல்லை, ஆகையால் மேல்முறையீடும் இல்லை.

2016 ஜூலை 5ஆம் தேதி, சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் அளித்த தீர்ப்பு அந்தக் காகிதத்துக்கு எவரையும் கட்டுப்படுத்தும் வலிமை கிடையாதென்றும், எழுத்தாளர் மீண்டும் எழுத வேண்டுமென்றும் சொன்னது. பிடிக்காத புத்தகத்தைப் படிக்காமல் விடலாம் என்ற எளிய உண்மையையும் அது நினைவூட்டியது. தீர்ப்பு வந்தது, அவரும் எழுதத் தொடங்கினார். அந்த ஒன்றரை ஆண்டுகளில் வேறு எத்தனை பேர் தம் கையெழுத்துப் பிரதியை மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்களோ, அதை எந்தத் தீர்ப்பும் திறக்க முடியாது.

பத்திரிகைகளுக்கு வருவோம். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. மேடையில் இருப்பவர்களுள் ஜேப்படித் திருடனைப் போலிருப்பவர் சட்டமன்ற உறுப்பினர், முகமூடிக் கொள்ளைக்காரனைப் போலிருப்பவர் மந்திரி என்பது அதன் கருத்து. சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்ட வேண்டிய விஷயம். சட்டமன்றம் அதை உரிமை மீறலாக எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்க மறுத்த ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் சில நாட்களில் அவரை விடுவித்தார்கள். பிற்பாடு உயர்நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு வழங்கச் சொன்னது. அதே நிறுவனத்தின் இணையதளம், பிரதமரைக் கைவிலங்கோடு காட்டிய ஒரு கேலிச்சித்திரத்தை முன்னிட்டு 2025 பிப்ரவரியில் முடக்கப்பட்டது. முறையான அறிவிப்பு கைக்கு வருமுன்பே பல இடங்களில் தளம் திறக்கவில்லை. ஒரு படத்துக்காக ஒரு நூற்றாண்டுப் பத்திரிகையின் முழுத் தளத்தையும் மூடுவது, ராவ் வழக்கில் சொன்ன அளவுப் பொருத்தம் என்ற நியாயத்துக்கு எந்த வகையில் ஒத்து வரும்? மார்ச் மாதம் 6ஆம் தேதி, அந்தப் பக்கத்தை மட்டும் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறக்க வேண்டும் என்று உயர்நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. 1987இலும், 'தி இந்து' பத்திரிகையின் ஆசிரியர் குழுவினருக்குச் சட்டமன்றம் சிறைத் தண்டனை விதித்து உச்சநீதிமன்றத்தின் தடையைச் சந்தித்த 2003இலும் மாநிலத்தை ஆண்ட கட்சி வேறு, 2025இல் தளத்தை முடக்கிய மத்திய அரசை நடத்தும் கட்சி வேறு. ஆட்சேபணை எழுகிற பக்கம்தான் மாறுகிறது. எதிர்க்கட்சியில் இருக்கும்போது கருத்துச் சுதந்திரம் பேசாத கட்சி நம் மாநிலத்தில் இல்லை. ஆட்சிக்கு வந்த பிறகு அதை மறக்காத கட்சியும் இல்லை.

அரசாங்கத்துக்கு வேலையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. அது செய்யாமல் விட்டிருக்கும் வேலைகளே மிகுதி. மாதவரத்தில் ஒரு குடியிருப்பில் வழிபாட்டுக் கூட்டத்தின் ஒலிபெருக்கியைப் பற்றி எழுந்த வழக்கில், எந்த மதமும் பிறருடைய அமைதியைக் குலைத்து வழிபடச் சொல்லவில்லை என்று 2000ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் சொன்னது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று சட்டமும் இருக்கிறது. இது பேச்சின் பொருளைத் தொடாத கட்டுப்பாடு. ஆளுங்கட்சிக் கூட்டத்துக்கும் அம்மன் கோவில் திருவிழாவுக்கும் சமமாகப் பொருந்துவது. ஆடி மாதத்தில் இந்த வட்டாரத்தில் இரவு பதினொரு மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு கண்டிப்பாக அமுலாகிறதென்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாலையோரம் பேனர் கட்டுவதும் அப்படியே. 2019இல் பள்ளிக்கரணையில் ஓர் இளம்பெண்ணின் உயிர் போன பிறகுதான் சட்டம் இருப்பது அதிகாரிகளுக்கு ஞாபகம் வந்தது. பொது இடத்தில் சாதி சொல்லி இழிவு செய்வதைக் குற்றமாக்கிய 1989ஆம் வருடத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பேச்சுரிமைக்கு விரோதம் என்று கூறுவோரை நான் ஒப்ப மாட்டேன். அந்த வார்த்தைகள் அபிப்பிராயங்கள் அல்ல, எதிரே நிற்பவனை நடுத்தெருவில் மனித ஸ்தானத்திலிருந்து இறக்கும் செயல்கள். இன்ன வீட்டைக் கொளுத்துங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்பவனைப் பிடிக்கவும், தனிமனிதரின் படுக்கையறையைப் பத்திரிகைக்கு விற்பவனைத் தண்டிக்கவும் அரசு தயங்கக் கூடாது.

தனிமனிதருக்கு உரிய இந்தப் பாதுகாப்பை அதிகாரத்தில் இருப்பவர் தமக்குக் கவசமாக்கிக்கொள்வதுதான் கூடாது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' பத்திரிகை வெளியிடுவதைச் சிறை அதிகாரிகள் தடுக்க முயன்ற வழக்கில், 1994 அக்டோபர் 7ஆம் தேதி, நீதிபதி ஜீவன் ரெட்டி இந்த வித்தியாசத்தை வகுத்துக் கொடுத்தார்: தனிமனிதரின் அந்தரங்கத்துக்குக் காப்பு உண்டு, அரசு அதிகாரி தம் உத்தியோகக் காரியங்களைப் பற்றிய எழுத்துக்காகச் சுலபமாக நஷ்டஈடு கேட்க முடியாது, அவதூறு வந்துவிடும் என்று சொல்லி வெளியீட்டுக்கு முன்பே அரசு தடுக்கவும் முடியாது. அப்படித் தீர்ப்பிருந்தும், இந்த மாநிலத்தில் ஐந்தே ஆண்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகளை அரசு தொடுத்திருந்தது என்ற கணக்கு 2016இல் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. முதலமைச்சரைக் குறைகூறிய பத்திரிகைக்காரர் அரசு வக்கீலை எதிர்த்துத் தம் சொந்தச் செலவில் நீதிமன்றப் படி ஏறி இறங்க வேண்டும். ஜெயித்தாலும் செலவும் காலமும் அவருடையவை.

கடைசியாக, நாடகச் சட்டம் போய்விட்டதென்று நாம் ஆறுதல் கொள்வதற்கு முன்னால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 1888ஆம் வருடத்துச் சென்னை நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது. பொதுக்கூட்டமோ ஊர்வலமோ ஆர்ப்பாட்டமோ நடத்தக் காவல்துறை ஆணையரிடம் ஐந்து நாட்கள் முன்னதாக அனுமதி கோர வேண்டும் என்பது அதன் கீழ் வழக்கம். அனுமதியின்றிக் கூடத் தடை என்ற உத்தரவு பதினைந்து நாட்களுக்கொரு முறை புதுப்பிக்கப்பட்டுச் செய்தித்தாளின் ஒரு மூலையில் வந்துகொண்டே இருக்கிறது. எந்த ஆபத்தை முன்னிட்டு இந்தப் பதினைந்து நாட்கள், எந்த ஆபத்தை முன்னிட்டு அடுத்த பதினைந்து நாட்கள் என்று யாரும் சொல்வதில்லை. போக்குவரத்துக்கு இடையூறு வராமல் ஊர்வலத்தின் வழியையும் நேரத்தையும் வகுப்பது காவல்துறையின் கடமைதான். அதற்குத் தகவல் தெரிவித்தால் போதும், அனுமதி எதற்கு? இணையத்திலோ நிலைமை இன்னும் மோசம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் வரும் முடக்க உத்தரவுகளை ரகசியமாக வைத்திருக்க விதியே இடம் தருகிறது. 1954இல் நாடகாசிரியருக்கு எந்த அலுவலகத்தின் படியை ஏற வேண்டும் என்றாவது தெரிந்திருந்தது.

இந்நகரில் வாசகர் வட்டங்கள் இருக்கின்றன, புத்தகக் கடைகள் இருக்கின்றன, மொட்டைமாடியில் நாடக ஒத்திகை பார்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். உங்கள் கூட்டத்தையோ நாடகத்தையோ நிறுத்தச் சொல்லி ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டாலும், சமாதானமாகப் பேசலாம் வாருங்கள் என்று காவல் நிலையத்துக்கு அழைத்தாலும், மரியாதையாக ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில், யாருடைய கையெழுத்தில் என்று எழுதிக் கொடுங்கள் ஐயா, நாங்கள் நீதிமன்றத்தில் காட்டிக்கொள்கிறோம். எழுதிக் கொடுக்கும் வரையில் வேறெந்தக் காகிதத்திலும் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள்.